கிணற்றில் இறங்கிய நஞ்சும், வாக்குச் சீட்டில் பிறந்த சட்டமும்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு என்றொரு பெரிய விவசாயப் பகுதி இருக்கிறது. திராட்சை, பீச், தக்காளி, பருத்தி எல்லாம் அங்கே செழித்து விளைகின்றன. பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் மண் மணற்பாங்கானது. அத்தகைய மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுத் தொல்லை அதிகம். இந்தப் புழுவை ஒழிக்க 1950-களின் நடுவிலிருந்து டி.பி.சி.பி. என்ற மருந்து பயன்படுத்தப்பட்டு வந்தது. 'நெமகான்' என்ற பெயரிலும் இது விற்பனையானது.

இந்த மருந்து விவசாயிகளுக்குப் பிடித்துப் போனதற்குத் தக்க காரணம் உண்டு. மண்ணைப் புகையூட்டும் மற்ற மருந்துகளை நடவுக்கு முன்புதான் போட முடியும். பயிர் நிற்கும்போது போட்டால் பயிரும் சேர்ந்து கருகிவிடும். டி.பி.சி.பி. அப்படியல்ல. காய்த்து நிற்கும் தோட்டத்திலேயே பாசன நீரோடு கலந்து விட்டுவிடலாம். கொடிக்கும் மரத்துக்கும் ஒன்றும் ஆகாது, புழு மட்டும் சாகும். தண்ணீரோடு சேர்ந்து இறங்கும் இந்தக் குணமே பிற்பாடு பெரிய கேடாக முடிந்தது.

1977-ஆம் ஆண்டில், லாத்ராப் என்ற ஊரிலிருந்த மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒரு செய்தி வெளிப்பட்டது. அங்கே டி.பி.சி.பி. பிரிவில் வேலை செய்த ஆண்கள் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக் கொண்டபோதுதான் இது தெரிய வந்தது. டாக்டர்கள் சோதித்ததில், பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ அடியோடு இல்லாமலோ இருந்தது. இம்மருந்து எலிகளின் விரைகளைச் சுருங்கச் செய்கிறது என்ற ஆராய்ச்சி முடிவு 1961-லேயே வெளிவந்திருந்தது. பதினாறு ஆண்டுகள் அந்தச் செய்தி தொழிலாளிக்கும் போய்ச் சேரவில்லை, மருந்தை வாங்கித் தெளித்த விவசாயிக்கும் போய்ச் சேரவில்லை.

கலிபோர்னியா அந்த ஆண்டே மருந்தைத் தடை செய்தது. 1979-இல் ஹவாய்த் தீவு அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக நாடு முழுவதும் உபயோகம் நிறுத்தப்பட்டது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிவிட்ட மருந்தைத் தடை உத்தரவால் திரும்ப எடுக்க முடியுமா? பள்ளத்தாக்கின் கிணறுகளைச் சோதித்தபோது ஒன்றன்பின் ஒன்றாக டி.பி.சி.பி. தென்பட்டது. குடிநீரில் இது லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதாவது 500 கோடிப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு! பிரெஸ்னோ நகரம் பல கிணறுகளின் தண்ணீரைக் கரி வடிகட்டிகளில் செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மருந்து நின்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வட்டாரக் கிணறுகளில் இது காணப்பட்டிருக்கிறது.

இதற்கிடையே 1985 ஜூலையில் இன்னொரு சம்பவம் நடந்தது. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4-ஐ ஒட்டித் தர்ப்பூசணி தின்ற பலருக்கு வாந்தி, பேதி, பார்வை மங்கல், தசைத் துடிப்பு ஏற்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். தர்ப்பூசணிக்குப் போட அனுமதியே இல்லாத அல்டிகார்ப் என்ற மருந்து பழத்தில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 'டெமிக்' என்ற பெயரில் பழைய விவசாயிகள் அறிந்த மருந்துதான் இது. சிலர் செய்த தவறுக்கு, மருந்தே தொடாத விவசாயிகளின் பழங்களும் வயலிலும் மார்க்கெட்டிலும் அழிக்கப்பட்டன.

இந்தச் சூழ்நிலையில்தான் 1986-ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது.

மக்களே போட்ட சட்டம்

கலிபோர்னியாவில் 1911 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. சட்டசபை ஒரு காரியத்தைச் செய்யாவிட்டால், பொதுமக்களே சட்ட வாசகம் எழுதி, வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கித் தேர்தலில் வைக்கலாம். முந்தைய கவர்னர் தேர்தலில் விழுந்த மொத்த ஓட்டில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் கையெழுத்து வேண்டும். பெரும்பான்மையோர் 'ஆம்' என்று ஓட்டுப் போட்டால் அதுவே சட்டம். இதைப் 'பிரேரணை' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 1986 நவம்பர் 4-ஆம் தேதி ஓட்டுக்கு வந்த 65-வது பிரேரணைதான் இங்கே சொல்லப்படும் சட்டம். 'பாதுகாப்பான குடிநீர் மற்றும் நச்சுப்பொருள் அமலாக்கச் சட்டம்' என்பது இதன் முழுப்பெயர்.

சுற்றுச்சூழல் அமைப்புகளின் வக்கீல்கள் இதை எழுதினர். எண்ணெய்க் கம்பெனிகளும் ரசாயனக் கம்பெனிகளும் எதிர்த்தன. பெரிய விவசாய சங்கங்களும் அவர்களோடு சேர்ந்து எதிர்த்தன. இந்தச் சட்டம் வந்தால் விவசாயமே செய்ய முடியாது என்று பிரசாரம் நடந்தது. அப்போதைய கவர்னர் டியூக்மேஜியன் இதற்கு எதிரி. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட லாஸ் ஏஞ்சலீஸ் மேயர் டாம் பிராட்லி இதற்கு ஆதரவு. வாக்காளர்கள் கவர்னரையும் மீண்டும் ஜெயிக்க வைத்தார்கள், அவர் வேண்டாம் என்ற சட்டத்தையும் ஜெயிக்க வைத்தார்கள்! நூற்றுக்கு 63 பேர் அளவில் ஆதரித்தனர்.

சட்டம் சொல்வது என்ன?

புற்றுநோயை உண்டாக்கும் என்றோ, கருவில் உள்ள குழந்தைக்கும் இனப்பெருக்க சக்திக்கும் கேடு செய்யும் என்றோ அறியப்பட்ட ரசாயனங்களின் பட்டியலை அரசு வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டியலைத் திருத்த வேண்டும். ஒரு பொருள் பட்டியலில் ஏறி 12 மாதம் ஆனபின், அதற்கு மக்களை ஆளாக்கும் எந்த வியாபாரியும் முன்கூட்டியே தெளிவான எச்சரிக்கை கொடுக்க வேண்டும். 20 மாதம் ஆனபின், அந்தப் பொருளைக் குடிநீருக்கு ஆதாரமான இடங்களில் விடக் கூடாது. நீரில் நேராகக் கொட்டினால்தான் குற்றம் என்பதில்லை. நிலத்தின் வழியாகக் குடிநீரில் போய்ச் சேரும்படி விட்டாலும் குற்றம்தான். பிரெஸ்னோ கிணறுகளை நினைத்துப் பார்த்தால் இந்த வாசகத்தின் பொருள் விளங்கும்.

முதல் பட்டியல் 1987 பிப்ரவரி 27-இல் வந்தது. அதில் 29 ரசாயனங்கள்தான் இருந்தன. மனிதருக்குக் கேடு செய்வது உறுதியானவற்றை மட்டும் சேர்த்தால் போதும் என்று கவர்னரின் நிர்வாகம் நினைத்தது. விலங்குகளில் சோதித்து உறுதியானவற்றையும் சேர்க்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் வழக்குப் போட்டன. 1989-இல் மேல்கோர்ட்டும் அவ்வாறே தீர்ப்புச் சொன்னது. இன்று பட்டியல் 900-ஐத் தாண்டிவிட்டது. டி.பி.சி.பி. ஆரம்பத்திலேயே ஏறிவிட்டது. டி.டி.டி., கார்பரில், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எனத் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பெயர் போன பலவும் அதில் உள்ளன. மாலத்தியான் சேர்ந்தது 2016-இல், குளோர்பைரிபாஸ் 2017-இல்.

இந்தியாவில் பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போடுகிறார்கள். அது மருந்து வாயிலோ தோலிலோ பட்டால் உடனே எவ்வளவு கடுமையாகத் தாக்கும் என்பதற்கான அடையாளம். பல ஆண்டுகள் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முக்கோணம் சொல்லாது. கலிபோர்னியாவின் பட்டியல் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. பச்சை முக்கோணம் போட்ட மருந்துதானே என்று வெறுங்கையால் கலக்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொள்வது அவசியம்.

எச்சரிக்கை வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. பொருளில் உள்ள அளவு தீங்கற்றது என்று காட்ட வேண்டும். புற்றுநோய்க்கு அளவுகோல் இது: 70 வருட வாழ்நாள் முழுவதும் அந்த அளவுக்கு ஆளானால், ஒரு லட்சம் பேரில் கூடுதலாக ஒருவருக்கு மேல் நோய் வரக் கூடாது. இனப்பெருக்கக் கேட்டுக்கு அளவுகோல் இன்னும் கடினம். எந்தக் கேடும் தென்படாத அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. 'இது கெடுதல்' என்று நோயாளி நிரூபித்துக் கொண்டிருக்க வேண்டாம், 'கெடுதல் இல்லை' என்று வியாபாரி நிரூபிக்க வேண்டும். சட்டத்தின் உயிர்நாடி இதுவே. லாத்ராப் தொழிலாளிக்கு 1961-இல் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் 1977 வரை காத்திருக்க நேர்ந்திராது.

மீறினால் ஒரு மீறுதலுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம். சர்க்கார் வக்கீல் மட்டுமல்ல, பொதுநலனுக்காக எந்தக் குடிமகனும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடலாம். அபராதத்தில் நாலில் ஒரு பங்கு வழக்குப் போட்டவருக்கே கிடைக்கும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே குடும்பத்தோடு பாடுபடும் சிறு விவசாயி நேரடியாக இதில் மாட்டுவதில்லை. சர்க்கார் இலாகாக்களுக்கும் விலக்கு உண்டு. இதை எதிர்த்தரப்பினர் தேர்தலிலேயே கேலி செய்தனர். கேலியில் நியாயமும் இருந்தது.

மிளகாயில் வந்த ஈயம்

விவசாயிகள் கவனிக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. மெக்சிகோவில் மிளகாய்த் தூளும் புளியும் சேர்த்துச் செய்யும் மிட்டாய்கள் கலிபோர்னியாவில் ஏராளமாக விற்கின்றன. அவற்றில் ஈயம் இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். எனவே மாநில அட்டர்னி ஜெனரலும் மற்றவர்களும் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தனர். 2006-இல் பெரிய மிட்டாய்க் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. மிட்டாயில் பத்து லட்சம் பங்குக்கு 0.10 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்று அளவும் ஏற்பட்டது.

ஈயம் எங்கிருந்து வந்தது? சில மிட்டாய்களுக்கு உறையின் அச்சு மையிலிருந்தும், மண் கிண்ணத்தின் மெருகுப் பூச்சிலிருந்தும் வந்தது. ஆனால் முக்கியமான வழி மிளகாய்தான். மிளகாய்ச் செடி ஈயத்தைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. வெறும் தரையில் கொட்டிக் காய வைக்கும்போது ஒட்டிக் கொள்ளும் மண்ணும் தூசியும் கழுவப்படாமல் அப்படியே அரைபட்டுத் தூளாகிவிடுகின்றன. எடை கூடட்டும் என்று மண்ணையும் கல்லையும் விட்டு வைக்கும் பழக்கமும் அங்கே இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பழக்கம் எல்லா ஊருக்கும் தெரிந்ததுதான்.

இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு நுட்பமான பாகுபாடு உள்ளது. விளைந்த மண்ணிலிருந்து செடி தானே உறிஞ்சிய தாது, இயற்கையானது எனக் கருதப்படும். அதற்கு எச்சரிக்கை வேண்டியதில்லை. ஆனால் நல்ல சாகுபடி முறையாலும் நல்ல தயாரிப்பு முறையாலும் தவிர்க்கக் கூடியதாக இருந்தால், அந்தப் பங்கு 'இயற்கை' என்ற கணக்கில் வராது. செடிக்குள் போன ஈயம் ஆண்டவன் செயல், களத்தில் ஒட்டிய ஈயம் மனிதன் செயல் என்று சட்டம் கணக்குப் பிரிக்கிறது எனலாம்.

இது தமிழ்நாட்டுக்கும் சம்பந்தமுள்ள சேதி. சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கலிபோர்னியாக் கடையில் விற்றால் இந்தச் சட்டம் பிடிக்கும். இஞ்சித் தூள், மஞ்சள் தூள் போன்ற மசாலாப் பொருள்களுக்கும் 60 நாள் நோட்டீஸ்கள் போயிருக்கின்றன. ஈயத்துக்கு எச்சரிக்கை தேவையில்லாத அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. ஏற்றுமதியாளர் இதற்குப் பயந்து சோதனை செய்வார். சோதனையில் தோற்ற சரக்கு மண்டிக்குத் திரும்பும், விலையும் விவசாயி தலையில்தான் விழும்.

வற்றலைத் தார் ரோட்டோரம் காயப் போடுவதை விட்டுவிட வேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில்தான் பெட்ரோலிலிருந்து ஈயம் முழுதும் நீக்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் வண்டிப் புகையில் வந்து ரோட்டோர மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போகாது. சிமெண்டுக் களம், தார்ப்பாய், உயர்த்திக் கட்டிய பந்தல் இவற்றில் எது கைக்கு எட்டுகிறதோ அதில் காய வைக்கலாம். மஞ்சளை வேகவைக்கும் முன் மண் போகக் கழுவுவதும், இஞ்சியைச் சுக்காக்கும் முன் அலசுவதும் பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல.

பலகையும் பலனும்

இந்தச் சட்டத்தால் கண்ணுக்குத் தெரியும் விளைவு எச்சரிக்கைப் பலகைதான். ஓட்டல், மருத்துவமனை, கார் நிறுத்தும் கட்டடம் என்று கலிபோர்னியாவில் எங்கே திரும்பினாலும் ஒரு பலகை. வழக்குக்குப் பயந்து, தேவை உண்டோ இல்லையோ, எல்லோரும் மாட்டி வைத்துவிட்டார்கள். எங்கும் எச்சரிக்கை என்றால் யாரும் படிப்பதில்லை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அனுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட வக்கீல்களும் உண்டு. சமரசத் தொகையில் பெரும்பகுதி வக்கீல் கட்டணமாகவே போகிறது.

காப்பி விஷயம் கேலிக்கூத்தாகவே ஆனது. கொட்டையை வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் தானாக உண்டாகிறது. அது பட்டியலில் உள்ள பொருள். ஆகவே காப்பிக் கடைகள் புற்றுநோய் எச்சரிக்கை போட வேண்டும் என்று 2018-இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். காப்பி குடிப்பதால் குறிப்பிடத்தக்க புற்றுநோய் அபாயம் இல்லை என்று 2019-இல் அரசே விதி போட்டு விலக்கு அளித்தது. உருளைக்கிழங்கு வறுவலில் நடந்தது வேறு. அதிலும் இதே அக்ரிலமைடுதான். 2008-இல் சில பெரிய கம்பெனிகள் அதன் அளவைக் குறைக்க ஒப்புக் கொண்டன.

உண்மையான பலன் இப்படிச் சத்தமில்லாமல் கிடைத்தவைதான். டைப் அடித்ததைத் திருத்தப் பயன்பட்ட வெள்ளை மையிலிருந்து நச்சுக் கரைப்பான் நீக்கப்பட்டது. பீங்கான் தட்டுகளில் ஈயம் குறைந்தது. பித்தளைக் குழாய்களிலிருந்தும், ஆழ்கிணற்றில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்புகளின் பித்தளைப் பாகங்களிலிருந்தும் ஈயம் தண்ணீரில் கசிவதாக 1990-களில் வழக்குகள் வந்தன. உற்பத்தியாளர்கள் ஈயம் குறைந்த உலோகத்துக்கு மாறினர். எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி விற்பதைவிடச் சரக்கை மாற்றுவதே லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள்.

களைக்கொல்லி வழக்கு

விவசாயிகளே நேராகக் கோர்ட்டுக்குப் போனது கிளைபோசேட் விஷயத்தில். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்தக் களைக்கொல்லி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று 2015-இல் வகைப்படுத்தியது. அந்த அமைப்பின் முடிவைப் பின்பற்றுவது கலிபோர்னியா விதி. ஆகவே 2017 ஜூலையில் கிளைபோசேட் பட்டியலில் ஏறியது. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் இலாகா, இம்மருந்து புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பில்லை என்று கூறியது.

தேசியக் கோதுமை விவசாயிகள் சங்கமும் மற்றவர்களும் வழக்குப் போட்டனர். விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை உள்ளபோது, 'இது புற்றுநோய் உண்டாக்கும் என அறியப்பட்டது' என்று விற்பவர் வாயாலேயே சொல்லச் சொல்வது பேச்சுரிமைக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். கோர்ட்டு 2018-இல் தற்காலிகமாகவும் 2020-இல் நிரந்தரமாகவும் எச்சரிக்கைக் கட்டாயத்தைத் தடுத்தது. 2023 நவம்பரில் மேல்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கிளைபோசேட் நிரபராதி என்று கோர்ட்டு சொல்லவில்லை. தகராறு தீராத செய்தியை ஒருவர் மேல் திணிக்கக் கூடாது என்றுதான் சொன்னது. அந்த மருந்தைத் தெளிப்பவர் உறையும் பூட்சும் போட வேண்டிய அவசியம் இந்தத் தீர்ப்பால் குறைந்துவிடவில்லை.

மற்ற இடங்களில்

இதுபோன்ற சட்டம் எல்லா இடத்திலும் ஜெயிக்கவில்லை. வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் 1988-இல் நச்சுப்பொருளுக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்யும் சட்டத்தை ஏற்றனர். கலிபோர்னியாவிலேயே 1990-இல், புற்றுநோய் உண்டாக்கும் பூச்சிமருந்துகளைப் படிப்படியாக நிறுத்தும் பெரிய பிரேரணை ஒன்று தோற்றது. அதற்குப் போட்டியாக விவசாயத் தரப்பு வைத்த பிரேரணையும் தோற்றது. 1992-இல் ஒஹையோ மாநிலத்தில், ஏறக்குறைய 65-வது பிரேரணையைப் போன்ற ஒன்றை வாக்காளர்கள் பெருவாரியாக நிராகரித்தனர்.

கலிபோர்னியாவில் சட்டம் நின்றதற்கு ஒரு காரணம், அதைக் கலைப்பது எளிதல்ல. சட்டசபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், திருத்தமும் சட்டத்தின் நோக்கத்தை வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்று வாக்காளர்கள் ஏற்ற வாசகத்திலேயே எழுதியிருக்கிறது.

டி.பி.சி.பி. கதை கலிபோர்னியாவோடு முடியவில்லை. அங்கே தடை வந்த பிறகும் மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டங்களில் உபயோகம் நடந்தது. அங்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மலடாகிப் போனதாக வழக்குத் தொடுத்தனர். இந்தியாவில் இம்மருந்து 1989-இல் தடை செய்யப்பட்டது.

பலகை படிக்கப்படாமல் போகிறது என்ற குறைக்கு மாற்றாக விதிகள் திருத்தப்பட்டுள்ளன. 2018 ஆகஸ்ட் 30 முதல், 'கெடுதலான ரசாயனம் உள்ளது' என்று பொதுவாகச் சொன்னால் போதாது, குறைந்தது ஒரு ரசாயனத்தின் பெயரையாவது சொல்ல வேண்டும் என்றானது. அப்போதும் டப்பாக்களில் ஒட்டும் சுருக்கமான எச்சரிக்கைக்கு மட்டும் பெயர் வேண்டியதில்லை என்று விட்டிருந்தார்கள். 2025-இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். கம்பெனிகள் மாறிக் கொள்ள மூன்று வருட அவகாசம் உண்டு. 2028 ஜனவரி 1 முதல் தயாராகும் சரக்கில், சீட்டு எவ்வளவு சிறியதானாலும் ரசாயனத்தின் பெயர் இருந்தாக வேண்டும். மசாலாப் பொட்டலங்களுக்கும் இது பொருந்தும் என்பதை ஏற்றுமதிக்குச் சரக்குக் கொடுக்கும் விவசாயிகள் தங்கள் வியாபாரியிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.